ஐந்து புள்ளி, ஒரு கிணறு

வரைபடப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அலுமாரியின் மேல்தட்டில், பின்பக்கம் துணி ஒட்டிய ஒரு பெரிய வரைபடம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். யாராவது அதை விரித்து, இதுதான் நகரத்தின் கழிவுநீர்த் திட்டம் என்று உங்களுக்குக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எல்லாத் தெருக்களுக்கும் அடியால் நீலக்கோடு ஓடும். கோட்டுக்குப் பக்கத்தில் சரிவும் ஆழமும் பொடி எழுத்தில் இருக்கும். எல்லாக் கோடுகளும் கடைசியில் அரியாலைப் பக்கம், கடலேரியோரத்தில், ஒரு சதுரத்துக்குள் போய் விழும். சதுரத்தின் மேல் ‘பம்பு நிலையம்’ என்று எழுதியிருக்கும். மயங்கிவிடாதீர்கள். அந்தக் குழாயில் ஒரு முழங்கூட இந்த மண்ணுக்குள் இறங்கியதில்லை.

இல்லாத அந்தக் குழாயை நான் எட்டு வருடம் திருத்தினேன். எண்பத்துமூன்றில் இந்தப் பிரிவுக்கு வந்தேன். கோயில் வீதி ஒன்று அகலமானால் குழாயை இரண்டடி நகர்த்துவோம். ஒரு சந்தி குண்டில் சிதறினால், அதற்கு அடியில் போகும் குழாயை எந்தப் பக்கத்தால் திருப்புவது என்று கூட்டம் கூடித் தேநீர் குடித்துக்கொண்டு பேசுவோம். நிலப் பயன்பாட்டுத் திட்டமும் குழாயைப் பார்த்தே நடந்தது. குழாய் போகும் வழியில் யாரும் சுவர் எழுப்பக் கூடாது. குருநகரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி, வீட்டோடு சமைக்க ஒரு குசினி கட்ட அனுமதி கேட்டு வந்தார். முடியாது, குழாய் வருகிறது என்றோம்.

“எந்தக் குழாய், ஐயா?”

“வரப்போற குழாய்.”

“அது வரேக்கை சொல்லுங்கோ, குசினியைக் கழட்டித் தலையிலை வைச்சுக்கொண்டு போறன்.”

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அனுமதி கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில்தான் நான் நல்ல பெயர் எடுத்தேன். எனக்குக் கையெழுத்து அழகு, கோடு நேர், மை சிந்தாது. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும்.

எண்பத்தைந்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. குழாய் வரும்வரை எந்த வளவில் கிணறு இருக்கிறது, எந்த வளவில் மலக்குழி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். எங்கள் ஓவசியர் சைக்கிளில் போனார். கெட்ட மனிதர் அல்ல. வெயிலும் நாய்களும் அவருக்கு ஆகாது. படலையில் நின்றபடியே மணியடித்து, “கிணறு இருக்கோ?” என்று கேட்பார். “ஓம்” என்றால் ஓம் என்று எழுதுவார். அடுத்த படலைக்குப் போவார்.

அவர் கொண்டுவந்த படிவங்களை வைத்து நான் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். ஓம் என்ற ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. பம்பு நிலையத்துக்கு ஒதுக்கிய காணியை ஒட்டி ஓர் ஒழுங்கை. அதில் ஐந்து வீடுகள். ஐந்தும் ஓம். ஐந்து புள்ளி வைத்தேன், ஒரே அளவில், வட்டம் பிசகாமல்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். எங்கள் வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்திலேயே ‘கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் மூன்றிலொரு பங்கு’ என்று எழுதியிருக்கிறது. அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் காணி பிரியும், கிணறு பிரியாது. ஒரு மூலையில் ஒரு கிணறு, சுற்றி வேலிகள், ஒவ்வொரு வேலியிலும் ஆள் நுழைய ஒரு கடவை, ஆளுக்கொரு முறை. பங்குக்காரர் எல்லோரும் அதை ‘எங்கடை கிணறு’ என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை, உறுதி அப்படித்தான் சொல்கிறது. கிணறு இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால், என் அம்மாவும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். இது தெரியாத ஒருவன் அந்தப் புள்ளிகளை வைத்திருந்தால் மன்னிக்கலாம். நான் தெரிந்தவன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து மைப்பேனாவைத் திறந்ததும், தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விடுகிறது. படிவம் சொல்வது மட்டும் மிஞ்சுகிறது. உங்களுக்கும் அப்படி ஆகும். ஆகாது என்று நினைப்பவர்தான் முதலில் மாட்டுவார்.

தொண்ணூறுக்குப் பிறகு தீவுப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து நகரத்துக்குள் வந்தது. பள்ளிக்கூடங்கள் நிரம்பின. எங்காவது வெறுங்காணி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். நகரத்தின் ஓரத்தில் வெறுமையாக, பிணக்கில்லாமல் கிடந்த ஒரே காணி பம்பு நிலையத்தின் காணி. நாங்கள்தானே இத்தனை வருடமாக அதில் ஒருவரையும் ஒரு கொட்டில் போட விடாமல் காவல் காத்தோம்! அந்தத் திட்டத்தால் நகரத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அது என்று நான் அப்போது பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். தலைமயிர் கலையாத மனிதர். ஷெல் விழுந்த அன்றும் மேசை விரிப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் பதுங்குகுழிக்குப் போனார்.

“அந்தக் காணியைக் குடியிருப்பு எண்டு மாத்தும், ஐசே. ரெண்டு நாளிலை திருத்தம் என்ரை மேசையிலை இருக்கோணும்.”

“மலசலகூடத்துக்கு என்ன செய்யிறது, சேர்?”

“குழி வெட்டட்டும். குழாய் வரேக்கை தொடுத்து விடுவம்.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ‘குழாயுடன் இணைக்கப்படும் வரையிலான தற்காலிக ஏற்பாடு’ என்று நானே அதை நல்ல தமிழில் எழுதினேன்.

காணியின் கடலேரிப் பக்கம் மாரியில் தண்ணீர் நிற்கும். அங்கே குழி வெட்ட முடியாது. மேட்டுப் பக்கம்தான் சரி. அது அந்த ஒழுங்கையை ஒட்டியிருந்தது. வரைபடத்தைப் பார்த்தேன். குழிகளுக்கு மிக அருகிலிருந்த புள்ளி நாற்பதடி. எங்கள் நிலம் ஓட்டை விழுந்த சுண்ணாம்புக் கல். குழியில் ஊற்றுவது எந்தப் பக்கம் போகும் என்று கல்லுக்கே தெரியாது. நாற்பதடி போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் நான்கு புள்ளிகள் இருந்தனவே! ஆகவே, கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி சேர்த்தேன்: ‘மிக அண்மையிலுள்ள கிணற்றைக் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது, அயலில் வேறு நான்கு கிணறுகள் உள்ளன.’ அந்த வரியை எழுதி முடித்தபோது நல்ல வேலை செய்த திருப்தி வந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குழி வெட்டத் தொடங்கிய நாள் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பாக்கியம். அந்த ஒழுங்கையின் ஐந்தாவது வீடு. தையல்காரி, கழுத்தில் அளவுநாடா தொங்கியபடியே வந்திருந்தார்.

“ஐயா, உங்கடை ஆக்கள் எங்கடை கிணத்துக்குப் பக்கத்திலை கக்கூசுக் குழி வெட்டினம்.”

“தெரியும், அக்கா. அந்தக் கிணத்தைக் குடிக்கப் பாவிக்கக் கூடாது எண்டு எழுதியிருக்கிறன். மற்ற நாலையும் பாவியுங்கோ.”

“எந்த நாலு?”

வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினேன். விரலால் தொட்டுக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கிணறு ஒண்டுதான், ஐயா. எங்கள் அஞ்சு பேருக்கும் அதிலைதான் பங்கு.”

“கணக்கெடுப்பிலை நீங்களே ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள். கையெழுத்தும் இருக்கு.”

“ஓம், சொன்னனாங்கள். கிணறு இருக்கோ எண்டு கேட்டவை, இருக்கெண்டு சொன்னனாங்கள். எத்தினை எண்டு ஆர் கேட்டது?” அவர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து மேசையில் போட்டார். “சரி, நீங்கள் படிச்ச ஆள். உந்தப் புள்ளியிலை ஒரு வாளி அள்ளிக் காட்டுங்கோ பாப்பம்.”

பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிழை பிடிபட்ட கோபமல்ல; ஒரு தையல்காரி என் வரைபடத்தைக் கிண்டல் செய்த கோபம். பார்க்கிறேன், ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். யாரையும் அனுப்பவில்லை. சைக்கிளில் கால் மணி நேரத் தூரம், நானும் போகவில்லை.

சனம் வந்து குடியேறியது, காணி முகாமானது. கிடுகுக் கொட்டில்கள், முன்னால் காயும் துணிகள், அழும் குழந்தைகள். ஒரு மாதம் போனது.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. புலமைப்பரிசில் சோதனை வருகிறது. பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டதால், ஒரு ரீச்சர் வீட்டு விறாந்தையில் வைத்துப் படிப்பித்தார். அந்த விறாந்தையும் ஒரு நாள் ஷெல்லில் உடைய, வகுப்பை வேறு வீட்டுக்கு மாற்றினார். மகளை முதல்நாள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், அவள் சொன்ன படலையில் இறக்கினேன். உள்ளே தையல் மெசின் சத்தம். பாக்கியத்தின் வீடு.

அவர் என்னைக் கண்டார். பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கடைசி மகள் சுகி, என் மகளை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். நான் திரும்பியிருக்கலாம். ஏனோ வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

வளவு மூலையில் கிணறு. நான்கு வேலிகளிலும் கடவை. ஒவ்வொரு கடவையிலும் ஒரு பெண், குடமும் வாளியுமாக, தன் முறைக்குக் காத்து நின்றாள். முகாமிலிருந்து வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். வேலிகளுக்கு மேலால் ஒவ்வொரு வளவாக எட்டிப் பார்த்தேன். வாழை, முருங்கை, கோழிக்கூடு. வேறு கிணறு இல்லை. மறுபக்கம் திரும்பினால் குழிகளின் தகர மறைப்பு. நாற்பதடி என்று வரைபடம் சொன்னது சரி. அது ஒன்றுதான் சரி.

குடிக்கக் கூடாது என்று நான் எழுதிய கிணறு அது. அதைத் தவிர வேறு கிணறு இல்லை. விறாந்தையில் பதினெட்டுப் பிள்ளைகள்.

இனி நான் சொல்லப்போவதை எந்தக் கோப்பிலும் நீங்கள் காண மாட்டீர்கள்.

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்க வேண்டும். நான் வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். மகளைக் கூப்பிட்டு, “ரியூசன் வீட்டிலை தண்ணி குடிக்கக் கூடாது. இந்தப் போத்திலிலை உள்ளதை மட்டும் குடி. ஆருக்கும் சொல்லாதை,” என்றேன்.

“ஏன், அப்பா?”

“கேள்வி கேளாதை.”

அலுவலகத்தில் நான் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினேன். ‘கிணறுகளின் எண்ணிக்கை தொடர்பில் ஒரு மீள்பரிசீலனை அவசியமாகலாம்’ என்பது முதல் வரைவு. இரண்டாவது வரைவில் ‘அவசியமாகலாம்’ என்பதை ‘பயன்தரும்’ என்று மாற்றினேன். மூன்றாவது வரைவில் ஓவசியரின் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு பந்தி சேர்த்தேன், பழி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று வாசிப்பவருக்கு விளங்கும்படி. தலைவர் அந்த வாரம் இந்த முகாமை ஒரு முன்மாதிரி என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அறிக்கை போகட்டும், பிறகு கொடுப்போம் என்று வரைவுகளை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பதினொரு நாள் வைத்திருந்தேன். பதினொரு நாளும் காலையில் மகளின் பைக்குள் போத்தில் இருக்கிறதா என்று என் கையால் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

பிள்ளைகள் இரகசியம் காக்க மாட்டார்கள். காக்கச் சொன்னவனைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். சுகி ஒரு நாள் கேட்டிருக்கிறாள், நீ மட்டும் ஏன் போத்தில் கொண்டுவாறாய் என்று. என் மகள் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பாக்கியம் வந்தார். இந்த முறை என்னிடம் வரவில்லை. நேரே தலைவரின் அறை வாசலில் போய் நின்றார். அறைக் கதவு திறந்தே கிடந்தது, எல்லோருக்கும் கேட்டது.

“ஐயா, உங்கடை ஆள் தன்ரை பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணி குடிக்க வேண்டாமெண்டு சொல்லி விட்டிருக்கிறார். என்ரை சுகிக்கு நாலு நாளாய்க் காய்ச்சல். ரீச்சரின்ரை பெடியனுக்கும் காய்ச்சல். முகாமிலை எத்தினை எண்டு தெரியாது. அவரின்ரை பிள்ளைக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு வழி விட்டுக் கொடுக்கும் முகம்.

“பிள்ளையள் கதைக்கிறதை நம்பி வந்திருக்கிறா போலை. நீர் அப்பிடி ஒண்டும் சொல்லியிருக்க மாட்டீர். என்ன, ஐசே?”

இல்லை என்று ஒரு சொல் போதும். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் சொல்தானே எதிரே நிற்கிறது. நான் அந்தச் சொல்லை வாய்வரை கொண்டுவந்தேன் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் அதை விழுங்கியது நல்லவனாக இருந்ததால் அல்ல. இல்லை என்றால், பொய் சொன்னவள் என் மகள் என்று ஆகும். நாளைக்கும் அவள் அந்தப் பாயில்தான் போய் இருக்க வேண்டும். கடைசியிலும் என் பிள்ளைக்காகத்தான் உண்மை பேசினேன்.

“சொன்னனான்,” என்றேன். “கிணறு ஒண்டுதான், சேர். நான் போய்ப் பாத்தனான்.”

“எப்ப?”

“பதினொரு நாளைக்கு முன்னம்.”

தலைவர் மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார். “அப்ப வரைபடத்தைத் திருத்த வேணும்,” என்றார். பாக்கியம் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒருவரைப் பார்த்தே அவரைச் சிறுத்துப்போகச் செய்ய முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

“நீங்கள் வரைபடத்தைத் திருத்துங்கோ,” என்றார். “எனக்கு உந்தக் குழியை மூடித் தாங்கோ.”

அன்று பின்னேரமே குழிகளை மூடினோம். மூடுவது சுலபம், முகாமில் இருந்த சனம் ஒதுங்க எங்கே போவது? முகாமின் மறுகோடியில் ஒரு மேட்டைத் தேடிப் பிடித்தோம். கல்லை உடைக்க யந்திரம் இல்லை, இருந்தாலும் டீசல் இல்லை. முகாம் ஆண்கள் அலவாங்கு போட்டார்கள். இரண்டு நாள். கற்பாறையில் அலவாங்கு விழும் ஒவ்வொரு முறையும் ஒருவர் எங்கள் அலுவலகத்தை வாழ்த்தினார். அந்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது. ஓவசியரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். “கிணறு இருக்கோ எண்டுதானே ஐயா படிவத்திலை இருந்தது,” என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். உண்மை. அந்தக் கேள்வியை அச்சடித்தவர்களுக்குப் பங்குக் கிணறு தெரியாது. அதைத் தமிழாக்கியவன் நான்.

கிணற்றை ஒழுங்கைப் பெண்களும் முகாம் பெண்களும் வாளியால் இறைத்து வற்றவைத்தார்கள். போடுவதற்குக் குளோரின் தேடி நான் நகரம் முழுக்க அலைந்தேன்; ஆஸ்பத்திரியில் ஒரு சிறு டப்பா கொடுத்தார்கள். அதற்குள் ஒன்பது பிள்ளைகள் நெருப்புக் காய்ச்சலோடு, அதாவது தைபோயிட்டோடு, கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடந்தார்கள். மருந்து வருவது கப்பலைப் பொறுத்தது, கப்பல் வருவது யாரைப் பொறுத்தது என்று அப்போது எவருக்கும் தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் உயிரோடு வீடு திரும்பினார்கள். சுகிக்குக் காது போய்விட்டது. இடது காதில் ஒன்றும் கேட்காது. வலது காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அவள் குடித்தது எந்த நாளின் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் லாச்சியைப் பூட்டி வைத்திருந்த நாட்களுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். வைத்தியர் ஒருவரிடம் கேட்டேன். காய்ச்சல் வெளியே தெரிய ஒரு கிழமையும் ஆகலாம், மூன்று கிழமையும் ஆகலாம் என்றார். எனக்குச் சாதகமாகவும் எண்ணலாம், பாதகமாகவும் எண்ணலாம். இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்க்கிறேன். இன்றும் விடவில்லை.

அலுவலகம் ஒரு திருத்தம் வெளியிட்டது. ‘ஐந்து கிணறுகள் என்பது ஒன்று எனத் திருத்தி வாசிக்கப்படும்.’ காய்ச்சலுக்கும் கிணற்றுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றும் ஒரு வரி. சரிதான், நிரூபிக்கப்படவில்லை. தண்ணீரைச் சோதிக்க ஒரு போத்தில் இரசாயனம்கூட நகரத்தில் இருக்கவில்லை என்பதை எழுதவில்லை. தலைவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எனக்கு ஒரு கண்டனக் கடிதம்கூட வரவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்தத் திருத்தத்தையும் என்னைக் கொண்டுதான் எழுதுவித்தார்கள்.

நான் இப்போது முன்கூட்டியே ஓய்வு எடுத்துவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. மகள் பதின்மூன்று வயதில், யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காத பிள்ளையாக வளர்கிறாள். அவளை அப்படி ஆக்கியவன் நான்தான். அவள் வீடு திரும்ப ஐந்து நிமிடம் தாமதித்தால் படலைக்கு ஓடுகிறேன். இதையெல்லாம் உங்களிடம் இரக்கம் கேட்டுச் சொல்லவில்லை. திட்டங்களைத் திருத்துவது பற்றி உங்களுக்கு நிறையப் பேர் வகுப்பெடுப்பார்கள். அளவு, நிறம், இலக்கம், உப இலக்கம். நான் அறிந்த ஒரேயொரு சோதனையை மட்டும் சொல்கிறேன். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருடம் முடிந்த பிறகும் நான் பாக்கியத்தை அடிக்கடி காண நேர்ந்தது. சந்தையில், வாசிகசாலை முன்னால், அலுவலகப் படியில். அவர் என்னை ஏசியதில்லை. மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னதாகவும் நான் கேள்விப்படவில்லை. காணும்போதெல்லாம், சுகம் விசாரிப்பவரைப் போல, ஒரே ஒரு கேள்வி கேட்பார். சுகி பக்கத்தில் நின்றால் அவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே கேட்பார்.

“இண்டைக்குப் பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்பினனீங்கள், ஐயா?”